பார்த்தீனியம்: மாதவரத்துக் காலி மனையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெரு மாதவரத்தில், மூலக்கடைக்கு வடக்கே இருக்கிறது. தெருக்கோடியில் ஒரு காலி மனை. 6 ஆண்டுகளுக்கு முன், மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது என்று மனைக்காரர் 4 லோடு சவுடு மண் அடித்து மேடாக்கினார். வீடு மட்டும் கட்டவில்லை. அந்த மண்ணோடு வந்து சேர்ந்ததுதான் பார்த்தீனியம் என்ற களைச்செடி. மனைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுற்றுச்சுவர்தான் என்பதால், பிடுங்கும் வேலை என் தலையில் விழுந்தது. குனிந்து பிடுங்கிக்கொண்டிருக்கும் ஆளைக் கண்டால் யாருக்கும் நின்று இரண்டு வார்த்தை கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இது வெட்டுக்காயப் பூண்டுதானே? சின்ன வயதில் காயத்தில் கசக்கிப் பிழிந்திருக்கிறோமே?

இல்லை. என்னைக் கவலைப்பட வைக்கும் கேள்வியே இதுதான். இந்த இலையைக் கசக்கி யாரும் புண்ணில் வைத்துவிடக் கூடாது.

வெட்டுக்காயப் பூண்டு என்பது நாம் ‘தாத்தாப்பூ’ என்று சொல்லித் தலையைச் சுண்டி விளையாடிய செடி. தரையோடு படரும். நீண்ட ஒற்றைக் காம்பின் நுனியில் ஒரே ஒரு பூ நிற்கும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய இதழ்கள். விதைக்குப் பஞ்சுக் குடை உண்டு. இலையின் ஓரம் பல் பல்லாக இருக்கும், ஆனால் இலை பிளந்திருக்காது.

பார்த்தீனியம் நிமிர்ந்து வளரும். சாதாரணமாக இடுப்பு உயரம். ஈரமும் இடமும் கிடைத்தால் ஆளுயரத்தையும் எட்டும். இலை கேரட் இலையைப் போல ஆழமாகப் பிளந்திருக்கும். இந்திக்காரர்கள் ‘காஜர் காஸ்’, அதாவது கேரட் புல் என்று சொல்வது அதனால்தான். தண்டில் நீளவாக்கில் வரிகளும் மெல்லிய சுணையும் இருக்கும். மேலே பல கிளைகளாகப் பிரிந்து, உப்பைத் தூவிவிட்டதுபோல் வெள்ளைப் பூக்கள்.

பூ வருவதற்கு முன்னால்தான் ஏமாந்துபோவோம். இளஞ்செடி முள்ளங்கிச் செடியைப் போல இலைகளைத் தரையில் வட்டமாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைச் சாமந்தி நாற்று என்று நினைத்துத் தொட்டியில் எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றிய ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். மாசிப்பத்திரி என்று நினைப்பவர்களும் உண்டு. மாசிப்பத்திரியைக் கசக்கினால் வாசனை கமகமவென்று வரும். பார்த்தீனியத்தைக் கசக்கிப் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

விதை எப்படி இருக்கும்?

கையுறை போட்ட உள்ளங்கையில் ஒரு காய்ந்த பூவை வைத்துப் பாருங்கள். குறுக்கே 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிது. உற்றுப் பார்த்தால் அது வட்டமில்லை, 5 மூலைகள் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு விதை. லேசாகத் தேய்த்தால் 5 கறுப்புத் துணுக்குகள் உதிரும். ஒவ்வொன்றின் இரு பக்கத்திலும் காய்ந்த சவ்வு போல ஏதோ ஒட்டியிருக்கும். அது கருகிப்போன சின்னப் பூக்கள். விதைக்கு மிதவையாக ஆகிவிடுகின்றன. ஊதினால் பறக்கும், தெருவில் ஓடும் மழைத் தண்ணீரில் மிதக்கும், லாரிச் சக்கரத்துச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பூவுக்கு 5 விதை என்றால் அற்பமாகத்தான் தோன்றும். நன்றாக வளர்ந்த ஒற்றைச் செடி 15,000 முதல் 25,000 விதை வரை கொட்டும். முளைத்த 4 முதல் 6 வாரத்தில் பூக்கத் தொடங்கிவிடும். இந்தப் பருவத்தில்தான் பூப்பேன் என்ற நிபந்தனையெல்லாம் அதற்குக் கிடையாது. ஈரம் இருந்தால் ஆண்டில் எந்த மாதமும் முளைக்கும். மண்ணுக்கடியில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும்.

அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்கிறார்களே, உண்மையா?

பாதி. செடியின் பூர்வீகம் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிய வெப்ப மண்டல அமெரிக்கா. இந்தியாவில் அது பரவலாகக் கண்ணில் பட்டது 1950-களின் நடுவில், புனே பக்கத்தில். அதே காலத்தில்தான் ‘பி.எல். 480’ என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. 2 செய்திகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அன்றைய ஆளுங்கட்சியின் பெயரால் ‘காங்கிரஸ் புல்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைப் பூ வெள்ளைக் குல்லாய் போல இருப்பதால் அந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் செடி இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. முன்பே ஒரு மூலையில் இருந்த செடிக்குக் கோதுமை மூட்டைகள் புதிதாக விதையும் வழியும் கொடுத்திருக்கலாம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படி வந்தது என்பதில் சண்டை போடுவதைவிட, இப்போது எப்படி வருகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

சரி, நம் பக்கத்துக்கு இப்போது எப்படி வருகிறது?

மண்ணோடுதான். அடர்ந்த புல்லுக்குள்ளும் மர நிழலிலும் பார்த்தீனியம் பலவீனமான செடி. கிளறிப்போட்டு அப்படியே விட்ட மண் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். வடசென்னையில் அப்படிப்பட்ட மண்ணுக்கா பஞ்சம்? மனை மேடாக்க வரும் சவுடு, வீடு இடித்த ரப்பிஷ், குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம், லாரி நிறுத்துமிடங்களின் ஓரம், ரயில் பாதைச் சரிவு. மணலியிலிருந்து எண்ணூர் வரை சாலையோரத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். எங்கே அண்மையில் மண் கிளறப்பட்டதோ அங்கே வெள்ளைப் பூ இருக்கும். புல் மூடிய இடத்தில் அனேகமாக இருக்காது.

தொட்டால் எல்லோருக்கும் அரிக்குமா? நான் 10 வருடமாகக் கையால் பிடுங்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லோருக்கும் அரிக்காது. ஆனால் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பதை நம்பிவிடாதீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

செடியின் மேல் சுணையில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்பு போலத் தொட்டவுடன் சுடுவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை மறுபடி மறுபடி சந்தித்து, ஒரு கட்டத்தில் எதிரி என்று முடிவு கட்டுகிறது. அந்த முடிவு முதல் வாரத்தில் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். வந்த பிறகு லேசான தொடுதலே போதும். எனக்கு மூன்றாம் ஆண்டில் வந்தது. முதலில் முழங்கை மடிப்பு, பிறகு கழுத்து, பிறகு கண் இமை. வியர்க்குரு என்று நினைத்து ஒரு மாதம் பவுடர் போட்டேன். தோல் தடித்துக் கருத்தபோதுதான் மருத்துவரிடம் போனேன்.

செடியைத் தொடாமலே வருவதும் உண்டு என்பதுதான் இதில் கொடுமை. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து, உடையால் மூடாத இடங்களில் படிகிறது: முகம், கண் இமை, கழுத்து மடிப்பு, கை மடிப்பு. வெயிலால் வந்த அலர்ஜி என்று தவறாக நினைக்க வைக்கும் தோற்றம். வெளியில் திரியும் ஆண்களுக்கே அதிகமாக வருகிறது. புனேயில் இந்தச் செடி பரவிய காலத்தில் தோல் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் செடியின் மீதே சந்தேகப்பட்டார்கள்.

இன்னொன்று, பூக்கட்டும் பெண்களுக்காக. பார்த்தீனியம், சாமந்தி, சூரியகாந்தி எல்லாம் ஒரே குடும்பம். பார்த்தீனியத்துக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்த உடம்பு சாமந்தியைக் கட்டும்போதும் அரிக்கத் தொடங்கலாம். விரல் நுனி வெடித்து ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையில் காரணம் தெரியும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவுவது மட்டும் வேண்டாம்.

மூச்சிரைப்பு?

பூந்தாது மூக்கில் ஏறினால் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, சிலருக்கு ஆஸ்துமா. ஏற்கெனவே இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் பிடுங்கும் வேலைக்கு வரவே வேண்டாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு எங்களுக்கு மோர் அனுப்பினால் போதும்.

எங்கள் மாடு மனையில்தான் மேய்கிறது. பால் கசக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்கிறார்கள். இதனாலா?

இருக்கலாம். பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும். ஆட்டுக் கறியிலும் கெட்ட வாடை ஏறும். மாடு விரும்பித் தின்னும் செடி இல்லை இது. பசித்த மாடு, புல்லே இல்லாத இடத்தில் விடப்பட்ட மாடு, வைக்கோலில் காய்ந்த செடி கலந்து வந்தது தெரியாத மாடுதான் தின்னும். அதிகமாகத் தின்றால் வாய்ப்புண், தோலில் தடிப்பு, முடி உதிர்வு, வயிற்றுப்போக்கு. தீவனத்தில் பெரும்பங்கு இதுவாகவே இருந்தால் உயிரே போகும்.

மாதவரத்தில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியதில்லை. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பால் பண்ணைப் பகுதியில்தான் இருக்கிறது. மாட்டின் மடியும் முகவாயும் சிவந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கட்டித் தீனி போடுங்கள். மேய்ச்சல் நிலத்தில் இந்தச் செடி செய்யும் பெரிய கெடுதல் விஷம்கூட இல்லை: புல் இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. மாடு பசியோடு நிற்பதும், பசியில் இதைத் தின்பதும் அதன் தொடர்ச்சி.

பொன்னேரி பக்கம் எங்களுக்குக் கத்தரித் தோட்டம் இருக்கிறது. செடியைத் தொடாமல் வரப்பில் மட்டும்தானே நிற்கிறது, விட்டுவிடலாமா?

விட வேண்டாம். தண்ணீர் கட்டிய நெல் வயலுக்குள் இதனால் பெரிய தொல்லை இல்லை. கத்தரி, தக்காளி, மிளகாய் என்றால் கதை வேறு. வரப்பில் நிற்கும் பார்த்தீனியத்தின் பூந்தாது பறந்து வந்து கத்தரிப் பூவின் சூல்முடியில் படிந்தால் காய் பிடிப்பது குறைகிறது. 1970-களின் கடைசியில் பெங்களூரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பூ உதிர்கிறது என்று மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் வரப்பை ஒரு சுற்று பாருங்கள். வேரிலிருந்தும் மக்கும் இலையிலிருந்தும் கசியும் பொருள்கள் பக்கத்துப் பயிரின் முளைப்பைத் தடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எப்படிப் பிடுங்குவது?

மழைக்குப் பின், பூவுக்கு முன். இந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு மாதம்தான். அதைத் தவறவிட்டால் நீங்கள் செய்வது களையெடுப்பு இல்லை, விதைப்பு.

ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்தச் சொல்கிறது. தென்மேற்குப் பருவமழையில் நனையும் ஊர்களுக்கு அது சரியான நேரம். நமக்கு அதில் பாதி வேலைதான் முடியும். ஆடி, ஆவணி மாலை மழைகளில் முளைப்பதை அந்த வாரத்தில் எடுத்துவிடலாம். பெரும்படை ஐப்பசி மழைக்குப் பிறகுதான் வரும். ஆகவே நான் ஆகஸ்டில் ஒருமுறை, நவம்பரில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை என்று 3 நாள் ஒதுக்குகிறேன்.

மண் ஈரமாக இருக்கும்போது அடித்தண்டைப் பிடித்து நிதானமாக இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு ஒடியும். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அரிவாளால் மேலாக அறுப்பதும் அப்படியே. தரையோடு ஒட்டிய இளஞ்செடிக்குக் களைக்கொத்து வேண்டும், இலை வட்டத்துக்குக் கீழே வேரில் வெட்ட வேண்டும்.

முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. துண்டைச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தூள் போய்ப் படிவதே கழுத்து மடிப்பில்தான். வேலை முடிந்ததும் அந்தத் துணியை மற்ற துணிகளோடு ஊறவைக்காமல் தனியாகத் துவையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வெறுங்கையில் பிடுங்க வைத்துப் புகைப்படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகளுக்கு வேறு நல்ல வேலை கொடுக்கலாம்.

பூத்துவிட்டது என்றால்? அசைக்காமல் செடியின் தலைக்கு மேல் கோணிப்பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே தலையை வெட்டிவிட்டு, பிறகு தண்டைப் பிடுங்குங்கள். மனைக்காரர் ஒருமுறை நல்லெண்ணத்தில் பொக்லைன் அனுப்பினார். அது பூத்து நின்ற செடிகளையெல்லாம் வழித்து மூலையில் குவித்துவிட்டுப் போனது. மறு மழைக்கு அந்த மூலையில் கால் வைக்க இடமில்லை.

உப்புத் தண்ணீர் தெளித்தால் சாகும் என்கிறார்களே?

சாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் சோப்புக் கரைசல் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே உள்ளது. பயிர் இல்லாத நிலத்துக்கு மட்டும். 10 லிட்டர் தெளிப்பானுக்கு 2 கிலோ உப்பு போகும். இலை கருகும், மண்ணிலுள்ள விதை சாகாது.

நான் செய்வதில்லை. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்துக் கடல் நீர் உள்ளே ஏறிய கதை நமக்கெல்லாம் தெரியும். உப்பை விலை கொடுத்து வாங்கி நம் கையாலேயே மண்ணில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. சிமெண்ட் நடைபாதை இடுக்கில் முளைத்ததற்கு வேண்டுமானால் ஊற்றுங்கள். கிணறோ ஆழ்துளைக் குழாயோ மரமோ பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

களைக்கொல்லி?

கிளைபோசேட் அடித்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொல்வார். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. தெருநாயும் கோழியும் குழந்தையும் புழங்கும் ஒரு கிரவுண்டு மனைக்கு அது தேவையே இல்லை.

இலையெல்லாம் வரி வரியாக ஒரு வண்டு இருக்கிறது. கொல்ல வேண்டுமா?

தயவுசெய்து கொல்லாதீர்கள், அது நம் ஆள். மிளகைவிடச் சற்றுப் பெரியது, வெளிறிய முதுகில் கரும்பழுப்புக் கோடுகள். மெக்சிகோ வண்டு என்று பெயர். 1983-இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து, சோதித்து, 1984-இல் வெளியில் விட்டார்கள். வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். இளம்புழு மொட்டுக்களையே முதலில் பிடிக்கும்.

1990-களின் தொடக்கத்தில் அது சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று பெரிய சர்ச்சை எழுந்து, வெளியில் விடுவதையே நிறுத்தி வைத்தார்கள். சூரியகாந்தி இலையில் படிந்த பார்த்தீனியப் பூந்தாதுதான் வண்டைக் கவர்ந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் வண்டை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. மழைக்காலத்தில் வேலை செய்யும், வறண்ட காலத்தில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். நான் வண்டு மொய்த்த சில செடிகளை மட்டும் பூவைக் கிள்ளிவிட்டு விட்டுவைக்கிறேன்.

எரித்துவிடலாமே?

வேண்டாம். பச்சைச் செடி எரியாது, புகையும். அந்தப் புகை யார் வீட்டுக்குப் போகும் என்று யோசியுங்கள்.

உரமாக்கலாமா?

பூக்காத செடி என்றால் தாராளமாக. குழியில் ஒரு அடுக்கு செடி, ஒரு அடுக்கு சாணக் கரைசலும் மண்ணும் என்று போட்டு மூடிவிட்டால் மக்கும்போது பார்த்தெனினும் சிதைந்துவிடும். பூத்த செடியை வீட்டுக் குழியில் போடாதீர்கள். விதை சாகும் அளவுக்கு நம் குழி சூடாவதில்லை.

கஷாயம் வைத்துக் குடித்தால் சர்க்கரைக்கு நல்லது என்று கைப்பேசியில் வந்தது.

அழித்துவிடுங்கள், செய்தியையும் செடியையும்.

பொது இடத்தில் வளர்ந்தால் யாரிடம் சொல்வது?

மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதியலாம். மாதவரம் 3-ஆவது மண்டலம். மணலி 2, திருவொற்றியூர் 1, தண்டையார்பேட்டை 4. சொல்லும்போது ‘செடி வளர்ந்திருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் யாரும் அவசரப்பட மாட்டார்கள். ‘பார்த்தீனியம், இன்னும் பூக்கவில்லை, பக்கத்தில் பள்ளி இருக்கிறது’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

வருடா வருடம் பிடுங்கினாலும் வருகிறதே, பிறகு எதற்கு?

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் வரத்தான் செய்யும். மண்ணில் பழைய விதை இருக்கிறது, வெளிச்சமும் இடமும் கிடைத்தால் முளைக்கும். அந்த இடத்தை வேறொன்று பிடிக்க வேண்டும். தகரை, ஆவாரை, துத்தி, கொழுஞ்சி எல்லாம் பார்த்தீனியத்தோடு போட்டி போட்டு மூடக்கூடியவை. 4 செடியுமே நம் ஊர்ச் செடிகள், தண்ணீர் ஊற்றச் சொல்லாதவை.

நான் இரண்டாம் ஆண்டிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில்தான் புத்தி வந்தது. செங்குன்றம் போகும் சாலையோரம் தகரை நெற்றுகளைப் பறித்து வந்து, நவம்பரில் பிடுங்கிய கையோடு தூவினேன். சுவரோரம் ஆவாரை வைத்தேன். முதல் ஆண்டு பிடுங்கிய செடி 11 கோணிப்பை. போன நவம்பரில் ஒன்றரைப் பை. அந்த ஒன்றரையும் மனையின் நடுவிலிருந்து வரவில்லை. வாசல் பக்கம், தண்ணீர் லாரி பின்பக்கமாகத் திரும்பும்போது சக்கரம் மண்ணைக் கிளறிவிடும் ஒரு பட்டையில் மட்டும் வந்தது. அங்கே 2 கல் போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டுநர் திட்டுகிறார்.